ஊட்டும் உறுப்புக்கு நஞ்சு என்று பெயர் வந்தது எப்படி?

தேவகோட்டையில் செவிலியர் படிப்புப் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வயிற்றுக் குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் கொடுக்கும் உறுப்பை என் அப்பத்தா ‘நஞ்சு’ என்கிறார். பள்ளிப் பாடநூலில் ‘தாய்சேய் இணைப்புத்திசு’ என்று படித்தேன். கல்லூரியில் ‘பிளாசென்டா’ என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா? உயிர் வளர்க்கும் உறுப்புக்கு யாராவது நஞ்சு என்று பெயர் வைப்பார்களா?”

மூன்றும் ஒன்றுதான். பெயர் வைத்தவர் அந்த உறுப்பை எப்போது கண்டார், எந்த நிலையில் கண்டார் என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும். கருவை ஊட்டும் உறுப்புகள் அனைத்தும் உடலுக்குள் மறைந்து வேலை செய்பவை. பழங்காலத்தில் அவற்றை வேலை செய்யும்போது பார்த்தவர் எவருமில்லை. வேலை முடிந்து வெளியே வந்து விழுந்த பிறகு மருத்துவச்சி பார்த்தாள், மாடு வளர்த்தவர் பார்த்தார், பலியாட்டை அறுத்தவர் பார்த்தார். அந்தக் கணத்தில் கண்ணில் பட்ட உருவமோ, மனத்தில் எழுந்த அச்சமோதான் பெயராக நின்றது. தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

உங்கள் அப்பத்தா சொல்லும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நஞ்சு, நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி என்று பல வடிவங்களில் இந்தச் சொல் வழங்குகிறது. குழந்தை பிறந்த பிறகு, பொதுவாக அரை மணி நேரத்துக்குள், இது வெளியே வந்துவிட வேண்டும். வராமல் உள்ளே தங்கினால் கருப்பை சுருங்காது, இரத்தம் நிற்காது. துண்டு தங்கி அழுகினால் காய்ச்சல் கண்டு தாய் இறந்துபோகவும் கூடும். மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகும் மருத்துவச்சி காத்திருந்தது இதற்காகத்தான். “நஞ்சு விழுந்துவிட்டதா” என்று வீட்டார் கேட்டதும் இதற்காகத்தான். தங்கினால் நஞ்சாகிவிடும் என்பதால் நஞ்சு என்று பெரியவர்கள் சொல்லும் விளக்கத்தில் மருத்துவ உண்மை முழுவதுமாக இருக்கிறது. ஒன்பது மாதம் அது செய்த வேலை அந்தப் பெயரில் இல்லை. கடைசி அரை மணி நேரத்தின் அச்சம் இருக்கிறது. பெயர் தாயின் பக்கத்தில் நின்று வைத்தது. குழந்தையின் பக்கத்தில் நின்றிருந்தால் அமுதம் என்று வைத்திருப்பார்கள்.

மாட்டுக்கும் இதே கவலை உண்டு. கன்று ஈன்ற பசு இளங்கொடி போட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழவில்லை என்றால் கால்நடை மருத்துவரைத் தேடுவார்கள். விழுந்ததை நாய் இழுத்துப் போகாமல் வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடு பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. இளங்கொடி, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி என்று எல்லாவற்றிலும் வரும் ‘கொடி’யைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் தொப்புளோடு சேர்த்துச் சொல்லும் ‘கார்டு’, குடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து, நரம்பு, கயிறு என்று திரிந்தது. தமிழ் அங்கே பார்த்தது உயிருள்ள ஒரு கொடியை. இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் முறுக்கிக்கொண்டு சுமார் 50 முதல் 60 சென்டிமீட்டர் ஓடும் அந்த உறுப்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. தலைமுறை வரிசையையும் கொடிவழி என்றுதான் சொல்கிறோம்.

இனி பிளாசென்டா. லத்தீனில் இது ஒரு தின்பண்டத்தின் பெயர். ‘தட்டையானது’ என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ தம் வேளாண்மை நூலில் அதன் செய்முறையை எழுதியிருக்கிறார்: மாவை மெல்லிய அடுக்குகளாக்கி, இடையிடையே ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தேனும் வைத்துச் சுடுவது. ருமேனியாவில் ‘பிளாசிந்தா’ என்ற பெயரில் ஒரு பண்டம் இன்றும் இருக்கிறது. ஹங்கேரியின் ‘பலசிந்தா’வும் அதே வழியில் வந்ததுதான். பதுவா பல்கலைக்கழகத்தில் வெசாலியஸுக்குப் பின் உடற்கூறு கற்பித்த ரியால்டோ கொலம்போ, 1559இல் வெளிவந்த தம் நூலில், வட்டமாகத் தட்டையாக இருந்த இந்த உறுப்பை அந்தப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். ஒப்புமையே பெயராகிவிட்டது. ஜெர்மானியர் இன்னும் வெளிப்படையாகத் ‘தாய்ப் பண்டம்’ என்று பொருள்படும்படியே அழைக்கிறார்கள். நிறைமாதத்தில் சுமார் 22 சென்டிமீட்டர் அகலமும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும் அரைக் கிலோ எடையும் உள்ள இதைத் தட்டில் வைத்துப் பார்த்த ஒருவருக்கு வேறென்ன தோன்றும்? காரைக்குடிச் சமையற்கட்டில் பழகியவர் பார்த்திருந்தால் அடை என்று பெயர் வைத்திருப்பார்.

சுற்றியுள்ள மற்ற உறைகளின் பெயர்களும் இப்படிக் கண்ணால் பார்த்து வைத்தவைதான். கோரியான் என்றால் தோல். அலண்டாய்ஸ் என்றால் இறைச்சி அடைத்த குடல் போன்றது. கிரேக்கர் தின்ற அந்தப் பண்டத்தின் பெயர் ‘அலாஸ்’. ஆம்னியானுக்கு மட்டும் இரண்டு விளக்கங்கள் உண்டு. ‘அம்னோஸ்’ என்னும் ஆட்டுக்குட்டியிலிருந்து வந்தது என்பது ஒன்று. பலிகொடுத்த விலங்கின் இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணம் என்பது இன்னொன்று. ஹோமரின் ஒடிசியில் பலிச் சடங்கு ஒன்றில் அந்தக் கிண்ணம் இதே பெயரோடு வருகிறது. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடிக்கும். ஏனென்றால் தமிழிலும் அதன் பெயர் ஒரு பாத்திரம்தான்: பனிக்குடம். அவர்கள் இரத்தம் ஏந்தும் கிண்ணத்தை நினைத்தார்கள். நாம் குளிர்ந்த நீர் ததும்பும் குடத்தை நினைத்தோம். உடைந்தால் பிரசவம் நெருங்கிவிட்டது என்று பாமரரும் அறியும்படி ‘பனிக்குடம் உடைந்துவிட்டது’ என்று சொல்கிறோமே, எந்த மருத்துவக் கலைச்சொல்லுக்கும் இந்தத் தெளிவு இல்லை.

முட்டைக்கு வந்தால் தமிழ் ஒரு சுவையான இடத்தில் வழுக்கியிருப்பது தெரியும். மஞ்சள்கரு, வெண்கரு என்கிறோம். இரண்டிலும் ‘கரு’ இருக்கிறது. ஆனால் இரண்டுமே கரு அல்ல. மஞ்சள் உருண்டையின் மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளை வட்டு இருக்கும். கருவுற்ற முட்டையில் குஞ்சு உருவாவது அதிலிருந்துதான். மஞ்சள் அதற்கான உணவு. வெண்மை பெரும்பாலும் நீரும் புரதமும். அதுவும் பிறகு உணவாகிறது. ரோமானியரும் இங்கேயே வழுக்கினார்கள். லத்தீனில் மஞ்சள்கருவுக்கு ‘விடெல்லஸ்’ என்று பெயர். அதன் நேர்ப்பொருள் சின்னக் கன்றுக்குட்டி. முட்டைக்குள் இருக்கும் பிள்ளை அதுதான் என்று அவர்களும் எண்ணினார்கள். மஞ்சள்கருப் புரதங்களுக்கு இன்று விடெல்லின், விடெல்லோஜெனின் என்று பெயர் சொல்லும் ஆய்வாளர்கள், தாம் கன்றுக்குட்டியை அழைக்கிறோம் என்று நினைப்பதில்லை. ஆங்கில ‘யோக்’ வெறும் நிறம்: மஞ்சள் என்பதன் பழைய வடிவம். ‘அல்புமென்’ என்பதும் வெண்மை என்ற பொருளில் வந்ததுதான். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைச் சுண்ணாம்போடும் கடுக்காயோடும் சேர்ந்து பளபளக்கச் செய்த அதே வெள்ளைக்கரு.

முட்டையில் எது பிள்ளை, எது உணவு என்ற கேள்வி கிரேக்கரிடையே பெரிய விவாதமாக இருந்தது. குரோட்டன் நகரத்து அல்க்மேயான், வெண்கருதான் குஞ்சுக்குப் பால் என்றார். நிறம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. அரிஸ்டாட்டில் கோழி அடைகாக்கும் முட்டைகளை உடைத்துப் பார்த்தவர். குஞ்சு வெண்மையிலிருந்து தோன்றுகிறது, மஞ்சளிலிருந்து தொப்புள் வழியாக உணவு எடுக்கிறது என்று எழுதினார். தோன்றும் இடத்தைப் பற்றி அவர் சொன்னது சரியல்ல. உணவைப் பற்றிச் சொன்னது பெரிதும் சரி. மூன்றாம் நாளில் இரத்தப் புள்ளியாக இதயம் துள்ளுவதையும் அவர் கண்டு எழுதினார். பிற்கால லத்தீனில் அது ‘துள்ளும் புள்ளி’ என்று வழங்கியது; ஆங்கிலத்தில் முதன்மையான கருத்தைச் ‘சேலியன்ட் பாயின்ட்’ என்று சொல்வது அந்தக் கோழிமுட்டையிலிருந்து கிளம்பிய வழக்கு. மஞ்சளின் மிச்சம், 21ஆம் நாள் குஞ்சு ஓடுடைத்து வெளிவருவதற்குச் சற்று முன்னால் அதன் வயிற்றுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஒருநாள் குஞ்சுகளைத் தீனியில்லாமல் பெட்டியில் அடைத்துத் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனால்தான். மஞ்சள்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘லெகிதோஸ்’. பிரெஞ்சு மருந்தாளர் கோப்லே, அதிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புப் பொருளுக்கு 1850இல் லெசிதின் என்று பெயரிட்டார். சாக்லேட் உறையில் நீங்கள் படிக்கும் லெசிதின் அதுவே.

கருவின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘எம்பிரியோ’ என்றால் உள்ளே பொங்கிப் பெருகுவது. ஒடிசியில் ஒற்றைக்கண் அரக்கன் ஆடுகளைக் கறந்துவிட்டு ஒவ்வொன்றின் கீழும் அதன் குட்டியை விடுகிறான். அங்கே பிறந்த குட்டிக்கே இந்தச் சொல் வருகிறது. வளர்கருவைக் குறிக்கும் ‘ஃபீட்டஸ்’, பாலூட்டுதல், பால் குடித்தல் என்ற பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. வடமொழியில் அதே வேரின் பிள்ளை ‘தேனு’, அதாவது பால் தரும் பசு. காமதேனுவும் ஃபீட்டஸும் ஒரே குடும்பத்தார். கர்ப்பம் என்னும் வடசொல்லுக்கும் கிரேக்கத்தில் ஓர் உறவு உண்டு: கருப்பையைக் குறிக்கும் ‘டெல்ஃபிஸ்’. டால்ஃபின் மீனல்ல, கருப்பை உள்ள உயிர் என்று உணர்ந்தவர்கள் வைத்த பெயர் அதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் சகோதரனுக்கு ‘அடெல்ஃபோஸ்’, ஒரே கருப்பையன் என்று பொருள். நாம் எடுத்துக்கொண்ட சகோதரன் என்ற சொல்லும் ஒரே வயிற்றினன் என்பதுதான்.

தமிழ் தன் சொந்த வழியில் பகுத்தது. பெண்ணுக்குக் கரு; மாட்டுக்கும் மீனுக்கும் சினை; பயிருக்கும் மேகத்துக்கும் சூல். நெல் சூல் கொள்கிறது, மேகம் சூல் கொள்கிறது. தமிழில் தாவரவியல் எழுதியவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையையே கட்டினார்கள்: சூல், சூலகம், சூல்தண்டு, சூல்காம்பு, சூல்துளை, சூலொட்டு. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் சிறந்த வேலைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். ஒரு சொல் தெரிந்தால் மற்றவை தாமாக விளங்குகின்றன.

சூலொட்டுக்கு மேலைநாட்டார் வைத்த பெயரும் பிளாசென்டாதான். சூல் ஒட்டி உணவு பெறும் இடம் என்பதால் விலங்கிலிருந்து செடிக்குக் கடன் போனது. இன்னும் அழகான கடன் ‘காட்டிலிடன்’. ‘கோட்டிலே’ என்றால் சிறு கிண்ணம். பசுவின் கருவுறையில் கிண்ணங்களைப் போலக் கருப்பைச் சுவரைக் கவ்விக்கொள்ளும் குமிழ்கள், ஏறக்குறைய 70 முதல் 120 வரை, இருக்கும். கிரேக்க மருத்துவர்கள் அவற்றுக்கு வைத்த பெயரை, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் விதைக்குள் இருக்கும் இலைகளுக்குக் கொடுத்தார். அவையும் கருவை ஊட்டுகின்றன என்பதே காரணம். நாம் வித்திலை என்கிறோம். மொச்சையைப் பிதுக்கினால் இரண்டாகப் பிரிவது அதுதான். மொச்சையின் விளிம்பில் வெள்ளையாகத் தெரியும் கோடு, காயோடு ஒட்டியிருந்த தழும்பு. விதையின் தொப்புள் என்றே சொல்லலாம். லத்தீனில் அதற்கு ‘ஹைலம்’, மிகச் சிறியது, பொருட்படுத்தத் தகாதது என்று பொருள். ‘நிஹில்’, ஒன்றுமில்லை, என்பது அந்தச் சொல்லோடு ‘இல்லை’ சேர்ந்து உண்டானது.

விதைக்குள் இருக்கும் உணவுக்கு ‘எண்டோஸ்பெர்ம்’ என்று பெயர். விதையின் உள்ளே இருப்பது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. தமிழில் முன்பு முளைசூழ்தசை என்றார்கள்; இப்போது கருவூண் என்கிறார்கள். கரு உண்பது கருவூண். ஊர் உண்பது ஊருணி. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஊருணி இருப்பதால் இந்தச் சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின், பூக்களில் ஆண் அணுக்கள் இரண்டு உள்ளே போகின்றன, ஒன்று கருவை உண்டாக்குகிறது, மற்றது இந்த உணவை உண்டாக்குகிறது என்று கண்டறிந்தார். கருவோடு கூடப் பிறந்து கருவுக்கே இரையாகும் திசு அது. நாம் தினமும் தின்பது அதைத்தான்: வெள்ளை அரிசி முழுவதும் கருவூண்; கவுனி அரிசியின் கறுப்பு அதன் மேலுறையில் மட்டும் இருக்கிறது, உள்ளே இருப்பது கருவூணே. இளநீரும் தேங்காய்ப் பருப்பும் கருவூண், நுங்கும் கருவூண். 1941இல் ஃபான் ஓவர்பீக்கும் உடனிருந்தோரும் ஊமத்தை இனச் செடியின் இளம் கருக்களைத் தனியே எடுத்து வளர்க்க முயன்றபோது அவை பிழைத்தது தேங்காய் நீரைச் சேர்த்த பிறகுதான். ஒரு மரத்தின் கருவூண் வேறொரு செடியின் கருவை ஊட்டியது.

பனங்கொட்டையைப் புதைத்து முளைக்கவிட்டுப் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சாக, இனிப்பாக ஒன்று இருக்கும். தவுண் என்பார்கள், பூரான் என்பாரும் உண்டு. அது வித்திலையின் நுனி. கெட்டிப்பட்ட கருவூணைக் கரைத்து உறிஞ்சிக் கீழே கிழங்குக்கு அனுப்புகிறது. இப்படி உறிஞ்சும் உறுப்புக்கு ‘ஹாஸ்டோரியம்’ என்று பெயர். நீர் இறைத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. உருவத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்து வைத்த பெயர்களில் இது ஒன்று.

வேலையைச் சொல்லும் பெயர்கள் விலங்கியலில் பெருகியது 19ஆம் நூற்றாண்டில், நுண்ணோக்கியும் திசுவை மெல்லிதாகச் சீவும் கருவியும் வந்த பிறகு. நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் 1880களின் இறுதியில் முள்ளெலியின் கருவை ஆராய்ந்து, வெளி அடுக்கு கருப்பைச் சுவரைத் துளைத்து உணவு தேடுவதைக் கண்டு ‘ட்ரோஃபோபிளாஸ்ட்’ என்றார்: ஊட்டும் முளை. உணவூட்டுதல் என்ற சொல் இந்தத் துறையின் ஒரு பெயருக்குள் அப்போதுதான் தெளிவாக நுழைகிறது. வளர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களோ இன்னும் பழைய கொள்கையைச் சுமக்கின்றன. ‘டெவலப்மென்ட்’ என்றால் உறை பிரித்தல். ‘எவல்யூஷன்’ என்றால் சுருளை விரித்தல். முட்டைக்குள் முழு உருவமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அது விரிகிறது, அவ்வளவுதான் என்று 18ஆம் நூற்றாண்டில் ஹாலர், போனே போன்ற இயற்கை ஆய்வாளர்கள் நம்பிய காலத்துச் சொற்கள் அவை. 1759இல் ஜெர்மானிய ஆய்வாளர் வுல்ஃப் அதை மறுத்து, உறுப்புகள் புதிதாக உருவாகின்றன என்று எழுதினார். நம்முடைய ‘வளர்ச்சி’ எந்தக் கட்சியிலும் சேரவில்லை; அதனால் இன்றைய அறிவுக்கு அது உறுத்தாமல் பொருந்துகிறது.

தாய்சேய் இணைப்புத்திசு என்ற பாடநூல் சொல்லைப் பற்றி என் கருத்தையும் சொல்ல வேண்டும். பொருள் சரி; வேலையைச் சொல்கிறது; தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் பிரசவ அறையில் எந்தத் தாயும் அதைச் சொல்லப்போவதில்லை. அங்கே உங்கள் அப்பத்தாவின் சொல்தான் உதவும். உங்கள் பயிற்சியிலும் இதைச் செய்யச் சொல்வார்கள்: வெளியே வந்த நஞ்சைத் தட்டில் விரித்து, தாயின் பக்கம் ஒட்டியிருந்த மேற்பரப்பைத் திருப்பிப் பாருங்கள். காட்டிலிடன் என்றே அழைக்கப்படும் மடல்கள், சுமார் 15 முதல் 20 வரை, விளிம்போடு விளிம்பு பொருந்தி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது உள்ளே தங்கியிருக்கிறது என்று பொருள்; உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், வெளியே காத்திருக்கும் அப்பத்தாவிடம், நஞ்சு முழுதாக விழுந்துவிட்டது, ஆச்சி, என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள்.